பூச்சி மருந்தும் பிறக்கும் குழந்தையும்

நம் சங்கங்களின் விற்பனைப் பண்டகசாலைகளில் உள்ள சரக்குகளுள் ஒன்றற்கு மட்டும் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. வாங்குகின்ற அங்கத்தினர் அதனை 'மருந்து' என்கிறார். மருந்தடித்தேன், மருந்து தீர்ந்துவிட்டது, மருந்துக் கணக்கில் பாக்கி நிற்கிறது என்று பேசுகிறார். வீரியம் மிகுந்த சரக்காயின் டப்பாவின்மேல் அச்சாகியிருக்கும் சொல்லோ 'நஞ்சு' என்பதாகும். சங்கத்தின் இருப்புப் பதிவேடு அங்கத்தினரின் பக்கமே நிற்கிறது. அதிலும் 'பூச்சி மருந்து' என்றே தலைப்பு. இவ்விரு பெயர்களுள் எது பொருந்தும் என்று வழக்காடுவது நம் நோக்கமன்று. பூச்சிக்கு நஞ்சு, பயிருக்கு மருந்து என்று சொல்லி இரு தரப்பையும் சமாதானம் செய்துவிடலாம். ஆனால் மூன்றாவதாக ஓர் உயிர் இருக்கிறது. அது டப்பாவைத் தொடுவதில்லை, வயலுக்குப் போவதில்லை, இன்னும் பிறக்கவுமில்லை. தாயின் வயிற்றிலிருக்கும் அந்தச் சிசுவுக்கு இச்சரக்கு என்ன செய்கிறது என்பதைப்பற்றிப் பல தேசத்து மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்டிருக்கும் செய்திகளை அங்கத்தினர்களின் முன்வைத்து, அவற்றையொட்டி நம் சங்கங்கள் செய்யவேண்டுவது யாது என்பதில் நம் அபிப்பிராயத்தையும் கூற விரும்புகிறோம்.

முதலில் உடற்கூறு பற்றிச் சில சொற்கள் அவசியமாகின்றன. கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, தைராய்டு என்னும் சிறு சுரப்பி ஒன்று இருக்கிறது. உணவிலிருந்து கிடைக்கும் அயோடினைக் கொண்டு அது தைராக்ஸின் என்ற ஹார்மோனை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. உடம்பின் வளர்ச்சிக்கும், சூட்டுக்கும், எல்லாவற்றிற்கும் மேலாக மூளை உருவாவதற்கும் இந்த ஹார்மோன் இன்றியமையாதது. இச்சுரப்பி சரிவர வேலை செய்கிறதா என்று மேற்பார்வையிடுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் மற்றொரு சுரப்பி. தைராக்ஸின் குறைந்தால் பிட்யூட்டரியானது டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோனை மிகுதியாக அனுப்பும். தவணை தவறிய சங்கத்துக்கு மத்திய வங்கியிலிருந்து நினைவூட்டுக் கடிதங்கள் வருவது போன்றது இது. கடிதங்கள் அதிகமாக வருகின்றன என்றால் அங்கே வசூல் குறைந்திருக்கிறது என்பது பொருள். ஆகவே இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவைப் பார்த்தே தைராய்டின் நிலைமையை டாக்டர்கள் ஊகிக்கின்றனர்.

கருவிலிருக்கும் குழந்தைக்கு முதல் மூன்று மாத அளவும் சொந்தத் தைராக்ஸின் கிடையாது. தாயின் இரத்தத்திலிருந்து வருவதே முழு ஆதாரம். ஏறத்தாழ 12-ஆம் வாரத்தில்தான் அதன் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. தன் தேவைக்குப் போதுமான அளவு சுரக்க கர்ப்பகாலத்தில் பாதி கழிந்துவிடும். மூளைக்கு அஸ்திவாரம் போடப்படுவதும் இக்காலத்திலேயாம். பிறந்தபின் 48 மணி நேரம் கழித்துக் குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் ஒற்றி, டி.எஸ்.எச். பார்க்கும் முறை பல தேசங்களில் நடைமுறையில் இருக்கிறது. பிறந்த உடனே பார்த்தால் பயனில்லை. பிறப்பின் அதிர்ச்சியில் எல்லாக் குழந்தைகளுக்கும் அது தற்காலிகமாக ஏறியிருக்கும். சுரப்பியே சரியாக அமையாத குழந்தைகள் சில ஆயிரத்துக்கு ஒன்று பிறப்பதுண்டு. அவற்றை இவ்வாறு கண்டுபிடித்து இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தவறவிட்டால் மூளைவளர்ச்சிக் குறையை மீட்கவே முடியாது. இது பிறவிக் கோளாறு. பூச்சி மருந்தால் வருவதென்று சொல்ல ஆதாரமில்லை. நாம் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. நோய் என்று சொல்லமுடியாத சிறு ஏற்ற இறக்கங்கள் இருக்கின்றனவே, தராசின் முள் ஒரு மயிரிழை சாய்வது போல, அந்தச் சாய்வைத் தாயின் உடம்பிலுள்ள பூச்சிக்கொல்லி உண்டாக்குகிறதா என்பதே கேள்வி.

ஸ்பெயின் தேசத்தில் எப்ரோ ஆற்றங்கரையில் ஃப்ளிக்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே குளோரின் சம்பந்தமான ரசாயனத் தொழிற்சாலை ஒன்று நெடுங்காலம் நடந்துவந்தது. அதன் கழிவான ஹெக்ஸாகுளோரோபென்ஸீன் என்னும் பொருள் அவ்வூர்க் காற்றிலும் மக்கள் இரத்தத்திலும் மிகுந்திருந்தது. 1997 முதல் 1999 வரை அப்பகுதியில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தையும், பிறந்த சில நாளில் எடுத்த டி.எஸ்.எச். அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து 2003-இல் முடிவு வெளியிட்டனர். தொழிற்சாலைக் கழிவுக்கும் டி.எஸ்.எச்-க்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. தெளிவான தொடர்பு தென்பட்டது வேறொரு பொருளுக்கு: பீட்டா எச்.சி.எச். என்பது அதன் பெயர். அது கூடுதலாக இருந்த குழந்தைகளுக்கு டி.எஸ்.எச். கூடுதலாக இருந்தது. எனினும் எல்லாக் குழந்தைகளின் அளவும் சாதாரண வரம்புக்குள்ளேயே இருந்தது என்பதையும் உடனே சொல்லிவிடவேண்டும்.

பீட்டா எச்.சி.எச். என்றால் யாரோ அயலான் என்று நம் மூத்த அங்கத்தினர்கள் எண்ணவேண்டாம். அவர்கள் கைப்பட வாங்கித் தூவிய பி.எச்.சி. பத்து சதவீதத் தூளின் ஓர் அங்கமே அது. அத்தூளில் பூச்சியைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்தது காமா என்னும் கூறுதான். பீட்டாவோ பங்காளியைப்போலக் கூடவே வந்து, வேலை எதுவும் செய்யாமல், மனித உடம்பின் கொழுப்பில் மற்றெல்லாக் கூறுகளையும்விட அதிக காலம் தங்கிவிடுவது. 1997-இல் நம் அரசாங்கம் பி.எச்.சி-யைத் தடைசெய்தது. அதற்குமுன் பல்லாண்டுகள் சங்கங்களும் தனியார் கடைகளும் அதை மூட்டை மூட்டையாக விற்றன. அன்று குறிப்பேட்டில் எழுதிய விற்பனையெல்லாம் முடிந்து, தணிக்கையும் ஆகி, ஏடுகளையும் கறையான் அரித்திருக்கும். விற்ற சரக்கின் கணக்கு மட்டும் முடிந்துவிட்டதாகச் சொல்லமுடியாது.

இதனை இன்னும் தெளிவாகக் காட்டும் வரலாறு ஒன்று உண்டு. வாழை விளைவிக்கும் அங்கத்தினர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். கரீபியக் கடலில் குவாதலூப், மர்தினீக் என்ற இரண்டு தீவுகள் பிரஞ்சு ஆட்சிக்கு உட்பட்டவை. 1853-ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரி, காரைக்கால் பக்கங்களிலிருந்து கப்பலேறிச் சென்ற நம் மக்களின் சந்ததியார் இன்றும் அங்கே இருக்கின்றனர். குவாதலூப்பில் வாழைத் தோட்டங்கள் நிறைந்த கபெஸ்தேர் என்னும் ஊரில் அவர்கள் எழுப்பிய கோயிலும் உண்டு. ஆகவே இது முற்றிலும் அந்நியர் கதை அன்று.

அத்தீவுகளில் வாழைக்குப் பெருங்கேடாய் வாய்த்தது கிழங்குக் கூன்வண்டு. நம் தோட்டங்களில் கிழங்கைத் துளைத்து மரத்தைச் சாய்க்கிறதே, அதே வண்டுதான். அதனைக் கொல்ல 1972-இல் குளோர்தெக்கோன் என்னும் தூளுக்கு அரசாங்கம் தற்காலிக அனுமதி வழங்கியது. மரத்தின் அடியில் தூவினால் போதும், வண்டு ஒழிந்தது, விளைச்சல் நிமிர்ந்தது. இதே பொருளை உற்பத்தி செய்த தொழிற்சாலை ஒன்று அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்து ஹோப்வெல் என்னும் ஊரில் இருந்தது. 1975-இல் அங்கே வேலை செய்தவர்களுக்குக் கைநடுக்கமும் நரம்புக் கோளாறும் கண்டு, சிலருக்கு விந்தணு குறைந்து, தொழிற்சாலை மூடப்பட்டது. அருகிலிருந்த ஆற்றில் மீன்பிடிக்கவும் தடை வந்தது. இவ்வளவும் வெளிப்பட்டபின், 1979-இலும் 1980-இலும் அடுத்தடுத்து இரண்டு பெரும் புயல்கள் தீவுகளைத் தாக்கி வாழைத் தோப்புகளைப் படுக்கவைத்தன. விழுந்த மரங்களில் வண்டு பெருகிற்று. 1981-இல் அத்தூளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. புயலில் வாழையை இழந்த விவசாயியின் மனநிலை நமக்குப் புதிதல்ல. அந்நேரத்தில் எது கிடைத்தாலும் வாங்குவான். 1990-இல் பிரஞ்சு அரசாங்கம் அனுமதியை ரத்துச் செய்தது. ஆயினும் வாழை விளைவிப்போர் தரப்பின் வேண்டுகோளுக்கு இணங்கி, தீவுகளுக்கு மட்டும் அவகாசத்தின்மேல் அவகாசம் கொடுத்து, 1993 வரையில் உபயோகிக்க விட்டது.

1993-இல் நின்றது. விஷயம் முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் அப்பொருள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, வெயிலில் சிதைவதில்லை, அவ்வெரிமலை மண்ணைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வது. பல தலைமுறைகள், சில நிலங்களில் சில நூற்றாண்டுகள், அது மண்ணில் இருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். வாழையை வெட்டிவிட்டு அந்நிலத்தில் சர்க்கரைவள்ளியும் சேம்பும் வள்ளிக்கிழங்கும் வைத்தவர்களுக்கு மண்ணிலிருந்து கிழங்குக்கு அது ஏறியது. மழைநீரோடு ஓடி ஆற்றிலும் கரையோரக் கடலிலும் சேர்ந்தது; அங்கே மீனும் இறாலும் கெட்டன.

2004 முதல் 2007 வரை குவாதலூப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டனர். 'திமூன்' என்பது அதற்கு இட்ட பெயர். அவ்வூர்க் கிரியோல் பேச்சில் குழந்தை என்று அர்த்தம். தூள் நின்று பதினொரு வருஷங்களுக்குப் பிறகு சேர்ந்த தாய்மார்கள் இவர்கள். தூளைக் கையாலும் தொட்டிராதவர்கள் அவர்களுள் ஏராளம். இருந்தும் மிகப் பெரும்பாலோரின் இரத்தத்தில் குளோர்தெக்கோன் இருந்தது. தொப்புள்கொடி இரத்தத்திலும் இருந்தது. அக்குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு மூன்றாம் மாதத்தில் ஹார்மோன் அளவுகளைப் பார்த்தனர். தொப்புள்கொடியில் குளோர்தெக்கோன் மிகுந்திருந்த ஆண் குழந்தைகளுக்கு டி.எஸ்.எச். உயர்ந்திருந்தது. பிறந்தபின் உணவு வழியாகச் சேர்ந்ததைக் கணக்கிட்டபோது, தைராய்டின் மற்றொரு ஹார்மோனான டி-3 குறைந்தும், பெண் குழந்தைகளிடம் தைராக்ஸினே குறைந்தும் காணப்பட்டன. பதினெட்டாம் மாதத்தில் சோதித்தபோது, கருவில் அதிகமாக நஞ்சேறிய ஆண் குழந்தைகள் விரல்களின் நுண்ணிய வேலைகளில், அதாவது சிறு பொருள்களைப் பிடிப்பது, எடுப்பது, அடுக்குவது முதலியவற்றில், சற்றுப் பின்தங்கியிருந்தனர். அறுந்த இழையைக் கண் இமைக்குமுன் பிணைத்துவிடும் விரல்களால் பிழைக்கின்ற நெசவாளர் அங்கத்தினர்கள் இவ்வரியை மறுமுறை படிப்பார்கள் என்று நினைக்கிறோம்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கட்டுரை எழுதுவது நேர்மையாகாது. டி.எஸ்.எச். உயர்ந்ததனால்தான் விரல்திறன் குறைந்தது என்று ஆராய்ச்சியாளர் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தபோது ஹார்மோன் மாறுதல் ஒருபுறமும் விரல்திறன் குறைவு மறுபுறமுமாக நின்றன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று காட்டும் இணைப்பு கிட்டவில்லை. 2015-இல் வெளியிட்ட முடிவிலே இதனை அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கின்றனர். வேறு வழியாகவும் நஞ்சு மூளையைத் தொடக்கூடும். 'பூச்சி மருந்து அடித்த வயலில் நடந்த தாய்க்குப் பிறந்த பிள்ளையெல்லாம் மந்தபுத்தி' என்று மேடையில் முழங்குகிறவர்களும், 'நிரூபணம் ஆகாத விஷயம், வியாபாரத்தைக் கெடுக்காதீர்கள்' என்று கம்பெனிப் பிரசுரங்களைக் காட்டுகிறவர்களும் இந்த இடத்தில் ஒரே தவற்றையே செய்கின்றனர். பெரும் வியாதி எதையும் இந்த ஆராய்ச்சிகள் காட்டவில்லை. முள் சாய்கிறது என்று காட்டுகின்றன. ஒரு குழந்தையைத் தனியே பார்த்தால் தாயும் டாக்டரும்கூடக் கண்டுபிடிக்கமுடியாத சாய்வு அது. ஒரு தீவின் குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

டென்மார்க்கிலிருந்து வந்த செய்தி இன்னொரு வகையில் நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. அங்கே பூச்செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ஆண் குழந்தைகளை மூன்றாம் மாதத்தில் பரிசோதித்து 2008-இல் எழுதினர். மருந்தோடு புழங்கிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆண்தன்மைக்குரிய ஹார்மோன்களும் உறுப்பு வளர்ச்சியும் ஒருசேரக் குறைவின் பக்கமே நின்றன; தனித்தனியே எடுத்தால் பலவும் தற்செயல் என்று தள்ளக்கூடிய சிறு வித்தியாசங்களே. ஆனால் அத்தேசத்தில் கர்ப்பம் என்று தெரிந்தவுடன் அப்பெண்ணை மருந்துப் புழக்கத்திலிருந்து விலக்கிவிடுகிறார்கள். அப்படியிருந்தும் இந்தச் சாய்வு என்றால், கர்ப்பம் என்று தெரியுமுன் கழிகின்ற முதல் சில வாரங்களே போதுமோ என்ற ஐயம் எழுகிறது. நம் கிராமத்தில் அந்த வாரங்களில் ஒரு பெண் களையெடுத்துக்கொண்டிருப்பாள்.

நம் டப்பாக்களின்மேல் முக்கோணச் சின்னம் இருக்கிறதே, அது போதிய எச்சரிக்கை ஆகாதா என்று கேட்கலாம். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்கள் வைத்திருக்கின்றனர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் விழுங்கினால் சோதனைப் பிராணிகளுள் பாதி மடியும் என்பதே அந்த நிறங்களின் அளவுகோல். 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்குமேல் பச்சை. விழுங்கிய உயிர் அன்றோ மறுநாளோ சாகுமா என்ற கேள்விக்கு இது நல்ல விடை. கருவில் மூன்றாம் மாதத்தில் தைராக்ஸின் குறையுமா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. குளோர்தெக்கோனை இந்த அளவுகோலில் வைத்தால் அது மஞ்சளில் விழும், சிவப்புக்கூடக் கிடையாது. ஆகவே 'பச்சை முக்கோணம்தானே, பயமில்லை' என்று விற்பனையாளர் சொல்வாராயின் அவர் பாதி உண்மையே சொன்னவராவார்.

அண்டை மாநிலத்துக் காசர்கோட்டை மறந்திருக்க மாட்டோம். முந்திரித் தோட்டங்களின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபானை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 2000-ஆம் ஆண்டு வரை தெளித்தனர். அங்கிருந்த சிறுவர்களிடம் பருவமெய்தல் தாமதப்பட்டதையும் ஹார்மோன் அளவுகள் மாறியிருந்ததையும் 2003-இல் நம் நாட்டு ஆராய்ச்சியாளரே எழுதினர். 2011-இல் உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்தியது. அது தெளித்த கம்பெனியின் குற்றம், நமக்கு அதில் பங்கில்லை என்று ஒதுங்கிவிடலாம். குவாதலூப் வரலாற்றில் அப்படி ஒதுங்க இடமில்லை. 1990-க்கும் 1993-க்கும் நடுவே அவகாசம் வேண்டும் என்று கேட்டவர்கள் விளைவிப்போர் தரப்பினர். நம்மைப் போன்றவர்கள். கெட்ட எண்ணத்தோடு கேட்டிருப்பார்கள் என்று நாம் நினைக்கவில்லை. இன்னும் இரண்டு போகம்தானே என்ற எண்ணமாக இருந்திருக்கும். 2025 மார்ச்சில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அரசாங்கத்தின் மீதே தவறு கண்டு, பாதிக்கப்பட்டவர்களின் மனவேதனைக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. முப்பத்திரண்டு வருஷம் கழிந்த தீர்ப்பு.

சங்கங்களை ஆய்வு செய்யும்போது 'இருப்புத் தீரட்டும், பிறகு பார்க்கலாம்' என்ற வாக்கியத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். காலாவதித் தேதி நெருங்கிய டப்பாக்களைப் பயிர்க்கடன் வாங்க வருகிறவர் தலையில் கட்டிவிடுவதும் சில இடங்களில் உண்டு. கடனில் பொருளாகக் கொடுக்கும் பகுதியை எப்படியாவது நிரப்பவேண்டும். உரம் வந்து சேரவில்லை. மருந்து கைவசம் இருக்கிறது. எழுது இரண்டு லிட்டர். அங்கத்தினருடைய வயலில் பூச்சி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வாங்கிப்போனவர் வாங்கியதற்காக அடிக்கிறார். இதைக் காட்டிலும் வீணான நஞ்சு உலகத்தில் இருக்கமுடியாது. பொருட்கடனில் பூச்சி மருந்தைச் சேர்ப்பதை அறவே நிறுத்திவிடவேண்டும், தேவைப்பட்டவர் தேவைப்பட்ட வாரத்தில் வந்து ரொக்கத்துக்கோ தனிக்கடனுக்கோ வாங்கிக்கொள்ளட்டும் என்பது நம் உறுதியான கருத்து.

சங்கம் விற்காவிட்டால் தனியார் கடைக்காரன் விற்பான், இலாபமும் அவனுக்கே போகும் என்று பஞ்சாயத்தார் சொல்வது உண்மையே. பயிர் போனால் கடன் நிலுவை ஏறும், அதற்கும் இன்ஸ்பெக்டர்தானே விளக்கம் கேட்பார் என்று ஒரு செயலாளர் நம்மிடமே திருப்பிக் கேட்டார், அதுவும் நியாயமே. ஆகையால் விற்பனையை மூடிவிடுங்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை. கடைக்காரனுக்கும் சங்கத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கடைக்காரனிடம் வாங்குகிறவருடைய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவன் ஏடுகளில் எழுதியிராது. சங்கத்திலோ பங்கு விண்ணப்பத்திலேயே நியமனதாரர் பெயர் இருக்கிறது; மனைவி பெயர், பல வீடுகளில் குழந்தையின் பெயர். யாருக்காகக் கடன் கொடுத்தோம் என்பது நமக்குத் தெரிந்தே இருக்கிறது.

வண்டுக்கு வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. அதில் இலாபம்தான் குறைவு. கன்றின் கிழங்கைச் சீவிச் சுத்தம் செய்து நடுவது, அறுவடையான வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்து மரத்தடியில் கவிழ்த்து வைத்து அதில் வந்து ஒண்டும் வண்டுகளைப் பொறுக்கி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, வண்டைத் தாக்கும் வெண்பூஞ்சணத் தூளை இடுவது ஆகியவை வேளாண்மைத் துறையினர் சொல்லித்தரும் முறைகளே. இப்பொறிகளும் பூஞ்சணத் தூளும் எத்தனை பண்டகசாலைகளில் இருப்பில் உள்ளன? நாம் பார்த்த சங்கங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பருத்தி விளைவிப்போர் பக்கம் சிக்கல் இன்னும் பெரிது. 1990-களில் நாட்டின் மொத்தச் சாகுபடி நிலத்தில் இருபதில் ஒரு பங்குதான் பருத்தி. பூச்சி மருந்திலோ ஏறத்தாழப் பாதி அதற்கே சென்றது. தறியில் வேலை தளரும் மாதங்களில் நெசவாளர் வீட்டுப் பெண்கள் பருத்தி எடுக்கப் போகும் ஊர்கள் உண்டு. தெளித்தபின் எத்தனை நாள் கழித்து வயலில் இறங்கலாம் என்பது டப்பாவோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் இருக்கும். எடுக்கப் போகிறவளுக்கு அப்பிரசுரத்தைக் காட்டுகிறவர் யார்?

தெளிக்கும் வேலை ஆண்களுடையது, ஆகவே பெண்களுக்கு அபாயமில்லை என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. அன்று மாலை அவருடைய வேட்டியையும் பனியனையும் கையால் கசக்கித் துவைக்கிறவர் யார் என்று ஒருமுறை கேட்டால் போதும். தொட்டியில் மருந்தைக் கலக்கத் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறவர் யார்? காலி டப்பாவைக் கழுவி உப்புக்கும் எண்ணெய்க்கும் வைத்துக்கொள்கிறவர் யார்? கர்ப்பிணி என்று தெரிந்தபின் விலக்குவது காலங்கடந்த காரியம் என்பதை டென்மார்க் செய்தி உணர்த்துவதால், பிள்ளைபெறும் வயதிலுள்ள எந்தப் பெண்ணும் கலப்பதிலோ, தெளித்த துணியைத் துவைப்பதிலோ கைவைக்காமல் இருப்பதே உசிதம். அடித்தவரே தம் துணியைத் தனி வாளியில் சோப்புப் போட்டு அலசிக்கொள்ளட்டும். இதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. காலி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருகிறவருக்கு அடுத்த முறை ஒரு சிறு தொகை கழித்துக் கொடுக்கலாம். வந்த டப்பாக்களை ஓட்டையிட்டு ஒதுக்கவேண்டும்.

சங்கம் செய்யக்கூடிய இன்னொன்று உப்புச் சம்பந்தமானது. தைராக்ஸினுக்கு மூலப்பொருள் அயோடின். அது போதாத தாயின் சுரப்பி ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். அதன்மேல் வேறு சுமை ஏறுவது கூடாது. நம்முடையது உப்பு விளையும் கடற்கரை நாடாகையால் அயோடின் சேராத கல்லுப்பு எளிதாகக் கிடைக்கிறது, அதற்கே ருசி அதிகம் என்ற எண்ணமும் உண்டு. பண்டகசாலையில் அயோடின் சேர்த்த உப்பை மட்டுமே வைப்பதற்குப் பஞ்சாயத்தார் ஒரு தீர்மானம் போட்டால் போதும். அதுபோலவே, பிரசவத்துக்குப்பின் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படுமுன் 'குழந்தைக்குத் தைராய்டு இரத்தம் பார்த்தாயிற்றா' என்று கேட்க ஒவ்வொரு அங்கத்தினர் குடும்பமும் பழகவேண்டும். இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுத் தாய்ப்பாலில் நஞ்சு வருமோ என்று அஞ்சி யாரும் பாலை நிறுத்திவிடவேண்டாம். அதனால் வரும் தீங்கே பெரிது என்பது டாக்டர்களின் ஒருமித்த கருத்து.

பூச்சி மருந்தை உணவுப்பொருளோடு வைக்காமல் தனி அறையில் பூட்டி வைக்கவேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது; புதிய யோசனை அன்று. ஆனாலும் அரிசி மூட்டைக்கும் பருப்புச் சாக்குக்கும் எதிரே அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிறோம். இனிவரும் ஆய்வுகளில் இருப்புச் சரிபார்க்கும்போது இதனைத் தனிக் குறைபாடாக ஆய்வுக் குறிப்பில் எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறோம். பதில் எழுதும் செயலாளர்கள் 'இடவசதி இல்லை' என்று எழுதவேண்டாம். நாம் பார்த்த சங்கங்களுள் பெரும்பாலானவற்றில் பழைய சாக்கும் உடைந்த தராசும் போட்டுவைத்திருக்கும் சிறு அறை ஒன்று நிச்சயமாக இருக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் தேடவேண்டியிருக்கும்.